நாயகன்: தாராவிக்குப் பட்ட கடன்

'நாயகன்' படம் 1987ஆம் வருஷம் தீபாவளிக்கு, அக்டோபர் 21 அன்று வெளியானது. அன்று தொடங்கி அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட விமர்சனங்களை ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு கடன் வழக்கின் கட்டைப் படித்த மாதிரி இருக்கிறது. வாதி பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. பிரதிவாதி மணிரத்னம். 1972இல் வந்த 'காட்ஃபாதர்' படத்திலிருந்து எத்தனை காட்சி எடுத்தார், எடுத்ததில் எத்தனையை மாற்றினார், மாற்றியதால் அது சொந்தச் சொத்தாகிவிட்டதா, வட்டி உண்டா இல்லையா. இன்னும் அந்த வழக்குத்தான் நடக்கிறது.

ஒரு தரப்பு இதைக் காப்பி என்றது. மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு வரும் தகப்பன், மகனுடைய பிணத்தைப் பார்த்து உடைந்துபோகும் பெரியவர், கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசும் முதுமை ஒப்பனை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்கள். இன்னும் கொஞ்சம் படம் பார்த்தவர்கள் செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' (1984) படத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மறு தரப்பு, எடுத்தால் என்ன, நம்ம மண்ணில் ஊறப்போட்டு எடுத்திருக்கிறார் என்றது. பி.சி.ஸ்ரீராமின் வெளிச்சத்தையும், தோட்டா தரணி சென்னையில் ஸ்டூடியோவுக்குள் எழுப்பிய தாராவியையும், இளையராஜாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டது. கமல்ஹாசன், ஸ்ரீராம், தரணி மூவருக்கும் தேசிய விருது வந்தது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் படமாக அனுப்பினார்கள். 2005இல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான நூறு படங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதோடு வழக்கு தள்ளுபடி என்று பலபேர் முடிவு கட்டிக்கொண்டார்கள். கடன் கொடுத்த ஊர்க்காரனே ரசீது எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி அவர்களுக்கு.

இந்தச் சண்டையில் எனக்குத் தரப்பு இல்லை. தழுவுவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. நம்ம கூத்துக்காரர்கள் தழுவாத கதையா? நான் கேட்பது வேறு. இந்தப் படத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொப்போலா. இன்னொருவர் தாராவியில் தோல் ஊறவைத்தவரும், சாக்கடை அள்ளியவரும், மூட்டை தூக்கியவரும். முதல் கடனைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்த விமர்சகர்கள் இரண்டாவது கடனுக்குப் பற்று வரவு எழுதவே இல்லை. 'கேக்கறதுக்கு ஆளில்லாத கடனெ எவன் நோட்டுல எழுதறான்' என்பார் எங்கய்யன்.

'காட்ஃபாதர்' படத்தை நான் பார்த்தது 'நாயகன்' பார்த்து வெகுகாலம் கழித்து. முதல் காட்சியில் ஒரு இருட்டு அறை. மகளை அடித்து நாசம் செய்தவர்களுக்கு நீதிமன்றம் தண்டனை தரவில்லை, நீங்கள் தரவேண்டும் என்று ஒரு மனிதர் வந்து நிற்கிறார். பெரியவர் மடியில் பூனையை வைத்துத் தடவிக்கொண்டே கேட்கிறார். உடனே சரி என்று சொல்வதில்லை. இத்தனை நாள் என்னை மதித்தாயா என்று கேட்கிறார். முதலில் மரியாதை, அப்புறம் கையில் முத்தம், அதற்கப்புறம்தான் நியாயம். அந்த நியாயத்துக்கும் ஒரு பாக்கி உண்டு: என்றைக்காவது நான் சொல்லி அனுப்பினால் நீ வந்து செய்ய வேண்டும்.

இத்தாலிக்காரனுடைய இந்தச் சடங்கு எனக்குக் கொஞ்சமும் புதுசாக இல்லை. கோயமுத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் தோட்டத்துச் சாளை வாசலில் எங்கய்யன் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். துண்டு கக்கத்தில் இருக்கும். 'சாமீ' என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரியும். இரண்டாம் தரம் கூப்பிடக்கூடாது. வளவில் சண்டை என்றாலும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்றாலும், போலீசு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விட்டாலும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த வாசல். கவுண்டர் வெளியே வந்து திண்டில் உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டுச் செய்யவும் செய்வார், பொய் சொல்லக்கூடாது. ஆசுபத்திரிக்குப் பணம் கொடுப்பார், டேசனுக்கு ஆள் அனுப்புவார். அந்தப் பணம் பண்ணயத்துக் கணக்கில் ஏறும். அடுத்த வருஷமும் அதே தோட்டத்தில் மாடு மேய்க்க வேண்டியதுதான்.

இந்த உறவை வேட்டி சட்டையோடு பம்பாய்க்குக் கொண்டுபோய் வைத்தால் வேலு நாயக்கர் கிடைக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. ஜனங்கள் வந்து நிற்கிறார்கள், அழுகிறார்கள், கும்பிடுகிறார்கள், ஆம்புலன்ஸ் கிடைக்கிறது, நியாயம் கிடைக்கிறது. விமர்சகர்கள் இதைக் காவியம் என்றார்கள், நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடுவிலான மனிதனின் துயரம் என்றார்கள். கடைசியில் பேரன் தாத்தாவைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும், அவர் தெரியவில்லை என்று சொல்லும் பதிலும் தமிழ் சினிமாவின் பெரிய தத்துவமாயிற்று. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வாசலில் நிற்கிறவர்களுக்கு அவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. அவர்கள் கேள்வி, எதற்கு எடுத்தாலும் ஏன் இந்த வாசலுக்கே வர வேண்டியிருக்கிறது என்பது. படத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. விமர்சனத்திலும் கேட்கவில்லை.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் பம்பாய் வரதராஜ முதலியாரின் கதையை ஒட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். முதலியார் படத்தில் நாயக்கர் ஆனார். நிஜ மனிதரை மறைக்க இந்த மாற்றம் என்று எழுதினார்கள். எதற்கு ஒரு பட்டம் வேண்டும், வெறும் வேலு என்றால் ஆகாதா என்று யாராவது கேட்டார்களா? நாயக்கர் என்பது தமிழ்நாட்டில் ஒரே சாதியின் பட்டம் கிடையாது. வடக்கே வன்னியருக்கு, எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் நிலக்காரருக்கு. எங்கள் வளவில் அந்தச் சொல் காதில் விழுந்தால் தோட்டம், கிணறு, வட்டி எல்லாம் சேர்ந்துதான் விழும். இதே கொங்கு மண்ணில் ஈரோட்டுக்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தைத் தன் பெயரிலிருந்து கழற்றி எறிந்தார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டங்களை விடவேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். அதற்கப்புறம் 58 வருஷம் கழித்து ஒரு படம் கதாநாயகனுக்கு மகுடமாக அதே பட்டத்தை மாட்டுகிறது. பகுத்தறிவு பேசும் பத்திரிகைகள் உட்பட எல்லோரும் ஒளிப்பதிவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளைக்காரன் நல்லவன் என்பதை மணிரத்னம் அமெரிக்காவிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. அந்தச் சரக்கு கோயமுத்தூரிலேயே கிடைக்கும். நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைப் பக்ஷிராஜா ஸ்டூடியோ எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் படமாக எடுத்தார். எம்.ஜி.ஆர். கதாநாயகன், மு.கருணாநிதி வசனம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஆறு மொழிகளில் வந்தது; இந்தியில் திலீப்குமார் நடித்த 'ஆசாத்'. எழுதியவர் நாமக்கல், எடுத்தவர் கோவை. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் மறைமுகத் தலைவன் ஒருவன் இருக்கிறான், நீங்கள் வெறுமனே காத்திருந்தால் போதும் என்கிற கதையை அதற்கப்புறம் முப்பது வருஷம் நம் ஜனங்கள் விதவிதமாகப் பார்த்தார்கள், ஓட்டும் போட்டார்கள். எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளை எப்படிக் கட்டிப்போட்டது என்பதை எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகவே எழுதினார். 'நாயகன்' வந்து இரண்டு மாதத்தில், 1987 டிசம்பர் 24 அன்று, எம்.ஜி.ஆர். இறந்தார். தியேட்டரில் பார்த்த கடைசிக் காட்சியின் கூட்டத்தையும் தெருவில் பார்த்த கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவராவது எழுதியிருக்கலாம்.

சரி, தாராவி. அது ஒரு சதுப்பு நிலம். கோலி மீனவர்களின் கிராமம் அங்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் நகரத்தின் ஓரத்துக்கு, அதாவது அங்கே, தள்ளப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் போய்த் தோல் மண்டிகள் வைத்தார்கள். அதே சீமையின் ஆதிதிராவிடர்கள் போய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார்கள். சேற்றைக் குப்பை கொட்டி மேடாக்கி அதன்மேல் குடிசை போட்டவர்கள் இவர்கள். நகரம் அந்த நிலத்தை உண்டாக்கவில்லை, இவர்கள் உண்டாக்கினார்கள். சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், அம்பேத்கர் வாழ்ந்த நகரத்தில் அவர் கூட்டங்களுக்குப் போனார்கள். 1966க்குப் பிறகு சிவசேனை 'மதராசி'களை அடித்தபோது அடிவாங்கியவர்களில் இவர்களும் உண்டு. தோல் வேலை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஊறல் நாற்றம் கையை விட்டுப் போக எத்தனை நாளாகும் என்பது உட்பட. தாராவியைக் களமாக வைத்த படத்தில் அந்த நாற்றமும் இல்லை, வேலையும் இல்லை. படத்தில் ஜனங்கள் செய்யும் ஒரே வேலை நாயக்கருக்காகக் காத்திருப்பது.

வரதராஜனின் பெரிய தொழில் கள்ளச்சாராயம். படத்தில் முன்னால் நிற்பது கடல் வழிக் கடத்தல். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். கடத்தல் சரக்கை வாங்குகிறவன் பணக்காரன். சாராயத்தை வாங்குகிறவன் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஏறி வருகிறவன். அவனிடம் எடுத்த காசில்தான் மாதுங்காவில் பிரம்மாண்டமான கணேசர் பந்தல் எழுந்தது. கடத்தலைக் காட்டிச் சாராயத்தைப் பின்னால் தள்ளிய இடத்தில் இருக்கிறது அந்தத் திரைக்கதையின் சாமர்த்தியம். கொப்போலாவிடம் எடுத்ததைப் பட்டியல் போட்டவர்கள், வரதராஜனிடம் எடுக்காமல் விட்டதைப் பட்டியல் போடவில்லை.

ஒரு தீர்ப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 'ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில், 1985 ஜூலை 10 அன்று கொடுத்த தீர்ப்பு. 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே நடைபாதைக் குடிசைகளை இடித்து, அதில் இருந்தவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிவிட உத்தரவிட்டார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒரு பத்திரிகையாளரும் இரண்டு நடைபாதைவாசிகளும் உண்டு. அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர், சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. ஊரில் பஞ்சம், வேலையில்லாமல் 1961இல் பம்பாய் போனார். தஹிசாரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். மனைவி, 16, 13, 5 வயதில் மூன்று பெண்கள். மேற்கு விரைவுச் சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் தார்ப்பாயும் போட்ட ஒரு மறைப்பு. அந்த மறைப்புக்காக அவரிடம் குடிசைப்பகுதி தாதா ஒருவர் 2,500 ரூபாய் பிடுங்கிக்கொண்டார் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 23 ரூபாய்க் கூலிக்காரரிடம் 2,500. நூறு நாள் கூலிக்கும் மேலே.

1981 ஜூலை 23 காலையில் மறைப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய் போய் மறுபடி ஒரு நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். அவருடைய சாதி என்ன என்று தீர்ப்பில் இல்லை. நான் ஊகித்து எழுதப் போவதும் இல்லை. நிலமில்லாத கூலி என்ற இரண்டு வார்த்தை எங்கள் பக்கத்தில் என்ன சொல்லும் என்பது எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதால் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து இடித்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷத்தில் 'நாயகன்' வருகிறது. அதில் சேரியை இடிக்க வரும் பணக்காரன் வீட்டுக்குள் வேலு ஆட்களோடு புகுந்து கண்ணாடி, சாமான் எல்லாவற்றையும் அடித்து நொறுக்குகிறார், இடிப்பு நிற்கிறது. தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒருநாளாவது அவன் வீட்டுச் சாமான் உடையட்டுமே என்று. ஆனால் நீதிமன்ற ஏட்டில் உள்ள தாதா இடிப்பைத் தடுத்தவன் இல்லை. இடிபடப் போகும் மறைப்பை 2,500 ரூபாய்க்கு விற்றவன். வழக்குப் போட்டவர் அந்தச் சேலத்துக் கூலி. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பற்றி எழுதிய விமர்சனம் ஒன்று என் கண்ணில் படவில்லை.

வேலு யாருடைய மகன் என்பதும் அப்படியே நழுவிப் போயிற்று. தூத்துக்குடியில் போலீஸ் சுட்டுக் கொல்லும் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் மகன் அவர். படம் தொடங்கிச் சில நிமிஷத்தில் சங்கம் செத்துப்போகிறது, அதற்கப்புறம் அந்தச் சொல்லே கிடையாது. கோயமுத்தூர்க்காரனுக்கு இது உறுத்தும். 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நாலு பேரைக் கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கில் போட்ட ஊர் இது. அதே வருஷம் நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச்சூடு. சங்கம் என்றால் எங்களுக்குப் படத்தின் முன்கதை கிடையாது. பம்பாயிலும் அப்படித்தான். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தோற்றார்கள், பல மில்கள் திறக்கவே இல்லை. வேலை போன வீடுகளின் பையன்கள் சிலர் எந்தக் கும்பல்களுக்குப் போனார்கள் என்பதை அந்த ஊர்ப் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. 1987இல் பம்பாய் தாதா ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வந்த படத்தில் ஒரு மில் சங்குகூட ஊதவில்லை.

அமெரிக்காவில் 'காட்ஃபாதர்' எடுக்கப் போகிறார்கள் என்றதும் இத்தாலிய அமெரிக்கர்களின் அமைப்பு ஒன்று கொடி பிடித்தது. எங்களை எல்லாம் கொலைகாரர்களாகக் காட்டாதே என்றது. மாஃபியா என்ற சொல்லையே திரைக்கதையிலிருந்து எடுப்பதாகத் தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டார். அந்த அமைப்பின் தலைவர் ஜோ கொலம்போ ஒரு கும்பலின் தலைவர் என்பது இதில் வேடிக்கை. இருந்தாலும் எங்களைப் பற்றி எடுக்கும் படத்தில் எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு என்று அங்கே ஒரு கேள்வி எழுந்தது. அதே படத்துக்காக 1973இல் சிறந்த நடிகர் ஆஸ்கரை மார்லன் பிராண்டோ வாங்க மறுத்தார். சினிமா செவ்விந்தியர்களைக் காட்டும் விதத்தைக் கண்டித்து, தனக்குப் பதிலாக அந்தச் சமூகத்தின் சார்பில் ஒரு பெண்ணை மேடைக்கு அனுப்பினார். நம்ம விமர்சகர்கள் பிராண்டோவின் தாடையையும் கமலின் தாடையையும் ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த வாய் என்ன சொல்லி விருதை மறுத்தது என்பது ஒப்பீட்டில் வரவில்லை.

கொப்போலாவிடம் இரண்டாவது தடவை வாங்கிய கடன் எங்கள் மண்ணிலேயே வைத்துச் செலவழிக்கப்பட்டது. 1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' கதை திரைக்கதை கமல்ஹாசன், இயக்கம் பரதன். படித்துவிட்டு வெளியூரில் பிழைக்க நினைக்கும் மகன், தகப்பன் இறந்ததும் அதே நாற்காலியில் உட்கார வேண்டியதாகும் கதை. மைக்கேல் கோர்லியோனியின் கதை. தென்மாவட்டத்துச் சாதியின் பெயரால் நடக்கும் இந்தக் கதையைப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து எடுத்தார்கள். பொள்ளாச்சியில் படப்பிடிப்பு என்றால் பெரிய வீடு கவுண்டர்களுடையது, தென்னந்தோப்பு அவர்களுடையது. கூட்டத்தில் நிற்க மட்டும் வளவு ஆட்கள். எங்கள் சொந்தக்காரர்களில் அப்படி நின்றவர்கள் உண்டு. என்ன படம் என்று கேட்டால், 'தெரீலீங்க, ஓடச் சொன்னாங்க ஓடுனோம், அழுவச் சொன்னாங்க அழுவுனோம்' என்பார்கள். தேவருக்காக அழுதார்களா வேறு யாருக்காவது அழுதார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது வாங்கியது, அதுவும் ஆஸ்கருக்குப் போனது. அரிவாளைக் கீழே போடச் சொல்லும் படம் என்று மெச்சினார்கள். கீழே போடச் சொல்வது கடைசி ரீலில். அதற்கு முன்னால் சாதியின் பெருமையைப் பாடும் பாட்டு ஊர்த் திருவிழாக்களிலும் கார்களிலும் யாரை வம்புக்கு இழுக்கப் போடப்பட்டது என்பதைத் தெற்கே உள்ள சேரிகளைக் கேட்டால் சொல்வார்கள். விமர்சனம் கடைசி ரீலைப் பார்த்தது. தெரு பாட்டைக் கேட்டது. 2023 ஜூன் மாதம் 'மாமன்னன்' பாட்டு வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை எதிரில் வைத்துக்கொண்டே, அந்தப் படம் தன்னை எப்படி அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் பேசினார். அதில் கையை இழக்கும் இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். இரண்டு வேஷத்திலும் வடிவேலு. 31 வருஷம் கழித்து, ஒரு திரைக்கதையில் ஓரமாக நின்றவனைப் பற்றி முதல் கேள்வி. கேட்டவர் விமர்சகர் கிடையாது, இன்னொரு இயக்குநர்.

'மாமன்னன்' நடக்கும் இடம் சேலத்தையும் நாமக்கல்லையும் ஒட்டிய கொங்குப் பகுதி. தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆனாலும் மேல்சாதிக் கட்சிக்காரர் எதிரில் உட்கார முடியாதவர் கதை. அந்த ஜூலைக் கடைசியில் படம் நெட்ஃபிளிக்சில் வந்ததும் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு என்ற சாதிவெறியனை வெட்டி எடுத்து, சாதிப் பாட்டுகளைப் பின்னால் போட்டு, நாயகனாக்கிக் கொண்டாடினார்கள். நடிப்புக்கான பாராட்டு, தமாஷ் என்றெல்லாம் சமாதானம் எழுதினார்கள். எனக்குத் தமாஷாக இல்லை. கொங்கில் அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே இதன் ஒத்திகை நடந்திருந்தது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், இஞ்சினியரிங் படித்தவர், கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வெளியிட்டார். போலீசுக்குச் சவால் விடும் அந்தக் குரலைப் பையன்கள் வசனம் கேட்பதுபோல் கேட்டார்கள், பரப்பினார்கள். அக்டோபரில் நாமக்கல்லில் அவர் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் கூடியது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஜூன் கடைசியில்தான் 'மாமன்னன்' தியேட்டருக்கு வந்தது.

ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஒருவன் கொலை செய்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சாதியைத் தப்பவிடுகிறவர்கள். நான் சொல்வது பார்க்கிற கண்ணைப் பற்றி. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தவனுடைய கம்பீரத்தையும் துயரத்தையும் மட்டும் ரசிக்கப் பழக்கிய விமர்சனம், தமிழில் நாற்பது வருஷமாக நடக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு ரத்னவேலுவை ரசிப்பது கஷ்டமே கிடையாது.

2018 ஜூன் 7 அன்று பா.ரஞ்சித்தின் 'காலா' வந்தது. மறுபடி தாராவி, மறுபடி சென்னைக்குப் பக்கத்தில் செட், மறுபடி திருநெல்வேலியிலிருந்து போன ஒரு பெரியவர். இந்தத் தடவை பட்டம் இல்லை, பின்னணியில் புத்த விகாரை இருக்கிறது, நிலம் யாருடையது என்று வாய்விட்டே கேட்கிறார்கள். கடைசியில் நாயகன் இருக்கிறானா செத்தானா என்பதைத் தள்ளிவைத்துவிட்டுத் தெரு முழுக்க ஜனங்கள் எழுகிறார்கள். விமர்சனங்களில் பாதி இதை 'நாயகன்' அளவுக்கு இல்லை என்றது, மீதியில் பாதி அரசியல் ஜாஸ்தி என்றது. ரஜினிகாந்தை வைத்து எடுத்ததால் அங்கேயும் ஒரு வாசலும் நாற்காலியும் வந்துவிட்டன என்பது என் குறை. அதை நம்ம ஆட்களே இன்னும் காட்டமாக எழுதியிருக்க வேண்டும். பாசத்தில் விட்டுவிட்டோம்.

2025 ஜூன் 5 அன்று மணிரத்னமும் கமல்ஹாசனும் 38 வருஷம் கழித்துச் சேர்ந்து எடுத்த 'தக் லைஃப்' வெளியானது. கதாநாயகன் பெயர் ரங்கராய சக்திவேல் நாயக்கர். கும்பல் தலைவர், வளர்ப்பு மகன், துரோகம், பழி. படம் எடுபடவில்லை, பழைய சரக்கு என்று பெரும்பாலானவர்கள் எழுதினார்கள், 'நாயகன்' படத்தின் நிழல் என்று சிலர் எழுதினார்கள். எந்தக் காட்சி எந்தப் படத்திலிருந்து வந்தது என்று மறுபடி பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல்களில் நான் படித்தவரைக்கும் எதிலும் பெயரின் கடைசியில் நிற்கும் பட்டம் மட்டும் இடம்பெறவில்லை.